ஐகானுக்கு எந்த ஃபைல், போட்டோவுக்கு எந்த ஃபைல்? வாசகர் கேள்வி பதில்

இணையதளப் படங்களைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். ஒரே மாதிரி வந்தவற்றுக்கு ஒரு பதில்தான்.

கேள்வி: எங்கள் தளத்துக்கு ஒருவர் ஐகான்கள் வரைந்து கொடுத்தார், எல்லாமே ஜேபெக். வெள்ளைப் பக்கத்தில் பரவாயில்லை. மேலே இருக்கும் நீலப் பட்டையில் வைத்தால் ஒவ்வொரு ஐகானைச் சுற்றியும் வெள்ளைக் கட்டம் தெரிகிறது. ஃபைல் பெயரின் கடைசியில் பிஎன்ஜி என்று மாற்றிப் பார்த்தேன். படம் திறக்கிறது, கட்டம் மட்டும் போகவில்லை. ஏன்?

பதில்: பெயரை மாற்றினால் பெயர்தான் மாறும், உள்ளே இருப்பது அதே ஜேபெக்தான். படம் திறக்கிறதே என்கிறீர்கள், அது பிரவுசரின் பெருந்தன்மை. பெயரின் வாலைப் பார்க்காமல் ஃபைலின் முதல் சில பைட்டுகளைப் பார்த்து இது எந்த வகை என்று கண்டுபிடித்துக் காட்டிவிடும். அதனால்தான் மாறிவிட்டது என்று பலர் நம்பிவிடுகிறார்கள்.

ஜேபெக்கில் 'இந்த இடத்தில் ஒன்றுமே இல்லை' என்று சொல்ல வழியே கிடையாது. ஒவ்வொரு புள்ளிக்கும் (பிக்சல்) ஏதோ ஒரு நிறம் இருந்தாக வேண்டும், அதனால் காலி இடத்தில் வெள்ளை வந்து உட்கார்ந்துவிடுகிறது. சரி, ஒழுங்காக ஒரு மென்பொருளில் திறந்து பிஎன்ஜியாகச் சேமித்து, வெள்ளையை அழித்துவிடலாமா என்றால், அங்கேதான் இரண்டாவது தொல்லை. 1992இல் வந்த ஜேபெக் போட்டோக்களுக்காக யோசித்துச் செய்த முறை. படத்தை 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுணுக்கங்களைத் தூக்கிப் போட்டுவிடும். வானம், முகம், மரம் இதிலெல்லாம் இந்த வித்தை அழகாக வேலை செய்யும். ஐகானில் என்ன இருக்கிறது? கூரான விளிம்பு, அதற்குப் பக்கத்தில் சமமான ஒரே நிறம். அந்தக் கூர்மையைத்தான் ஜேபெக்கால் சரியாகப் பிடிக்க முடியாது, அதனால் விளிம்பைச் சுற்றி அழுக்குப் போல மங்கலான புள்ளிகள் சிதறிக் கிடக்கும். பெரிதாக்கிப் பாருங்கள், வெள்ளை என்று நீங்கள் நினைத்த இடம் முழு வெள்ளையாகவே இருக்காது. அழித்தால் அந்த அழுக்கு மட்டும் நீலத்தின் மேல் ஓரம் கட்டி நிற்கும்.

ஒரு முறை தூக்கிப் போட்ட தகவல் எந்த ஃபைலாக மாற்றினாலும் திரும்பி வராது. ஆகவே மாற்றும் வேலையை விட்டுவிட்டு, வரைந்தவரிடம் மூல ஃபைலைக் கேளுங்கள். ஐகானை யாரும் ஜேபெக்கில் வரைவதில்லை, ஏதோ ஒரு வரைகலை மென்பொருளில் கோடுகளாகத்தான் வரைந்திருப்பார். அதிலிருந்து, படத்தைக் கோடுகளாகவே வைத்திருக்கும் எஸ்விஜி ஃபைலை எடுத்துத் தரச் சொல்லுங்கள், முடியாது என்றால் பின்னணி இல்லாத பிஎன்ஜி. மூல ஃபைல் தொலைந்துவிட்டது என்றால், இருபது முப்பது ஐகான்தானே, புதிதாக வரைவதே மிச்சம்.

கேள்வி: எஸ்விஜி தான் சிறந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் ஒரு போட்டோவை எஸ்விஜியாக மாற்றினேன். ஃபைல் முன்பைவிடப் பெரிதாகிவிட்டது. நான் என்ன தவறு செய்தேன்?

பதில்: எல்லோரும் சொன்னது லோகோவுக்கும் ஐகானுக்கும், போட்டோவுக்கு இல்லை. எஸ்விஜி ஃபைலை ஒரு சாதாரண நோட்பேடில் திறந்து பாருங்கள், எழுத்துதான் இருக்கும். இங்கே ஒரு வட்டம், இங்கிருந்து அங்கே ஒரு வளைகோடு, அதற்கு இந்த நிறம் என்று. பிரவுசர் அதைப் படித்து, திரை எவ்வளவு பெரியதோ அதற்கு ஏற்ப அப்போதுதான் வரைகிறது, அதனால் எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. 2001இலேயே இது இணையத் தரமாகிவிட்டது, பிரவுசர்கள் எல்லாம் வழிக்கு வரத்தான் ஏறக்குறைய பத்து ஆண்டு ஆனது.

போட்டோவில் வட்டமும் கோடும் எங்கே இருக்கிறது? மாற்றித் தரும் கருவிகள் இரண்டில் ஒன்றைத்தான் செய்யும். நிறத்திட்டுகளை எல்லாம் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன வடிவங்களாகத் தடம் எடுக்கும், அல்லது உங்கள் போட்டோவை அப்படியே எழுத்தாக மாற்றி எஸ்விஜி என்ற உறைக்குள் போட்டுத் தரும். இரண்டாவதுதான் பச்சை ஏமாற்று வேலை. அப்படி எழுத்தாக்கும்போதே ஃபைல் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும், பெரிதாக்கினால் மங்கவும் செய்யும். யாராவது உங்களுக்கு லோகோவை எஸ்விஜியாகத் தந்தால் நோட்பேடில் திறந்து, உள்ளே 'பேஸ்64' என்று எழுதி அதன் பின்னால் முடிவே இல்லாத எழுத்துக் குவியல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

எஸ்விஜி பற்றி இன்னும் சில விஷயங்கள், ஏனென்றால் இதே சந்தேகங்கள் வேறு கடிதங்களிலும் இருந்தன. வரைகலை மென்பொருளிலிருந்து வெளியே வரும் எஸ்விஜியில் குப்பை நிறைய இருக்கும், லேயர் பெயர்கள், மென்பொருளின் சொந்தக் குறிப்புகள், தசமப் புள்ளிக்குப் பின்னால் ஏழெட்டு இலக்கம் என்று. எஸ்விஜிஓ என்ற இலவசக் கருவி இதையெல்லாம் வெட்டித் தரும். ஆனால் 'வியூபாக்ஸ்' என்ற குறிப்பை அது நீக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது போய்விட்டால் படம் அளவுக்குத் தக்கபடி சுருங்கி விரியாது, வெட்டுப்பட்டு நிற்கும்.

படம் சேர்க்கும் சாதாரண இமேஜ் டேக் வழியாக எஸ்விஜியைப் போட்டால், பக்கத்தின் நிறத்தையும் தோற்றத்தையும் சொல்லும் சிஎஸ்எஸ் அதற்குள் நுழையாது. மவுஸ் மேலே வந்தால் ஐகான் நிறம் மாற வேண்டும், டார்க் மோடில் வெள்ளையாக வேண்டும் என்றால் அந்த எஸ்விஜி எழுத்தையே பக்கத்தை எழுதும் எச்டிஎம்எல்லுக்குள் நேரடியாக வைத்து, நிறம் இருக்கும் இடத்தில் 'கரன்ட்கலர்' என்று போட்டுவிடுங்கள், சுற்றி இருக்கும் எழுத்தின் நிறத்தை அதுவே எடுத்துக்கொள்ளும். லோகோவில் எழுத்து இருந்தால் அதை ஃபான்ட்டாக விடாமல் வடிவமாக மாற்றிவிட்டுத்தான் சேமிக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் உங்கள் லோகோ வேறு முகத்தோடு காட்சி தரும்.

அப்புறம் பாதுகாப்பு. எஸ்விஜிக்குள் ஸ்கிரிப்ட்டும், அதாவது பிரவுசரில் ஓடும் நிரலும், வைக்கலாம். இமேஜ் டேக்கில் போட்டால் அது ஓடாது, பக்கத்துக்குள் நேரடியாக வைத்தாலோ ஃபைலைத் தனியாகத் திறந்தாலோ ஓடும். முன்பின் தெரியாதவர்கள் உங்கள் தளத்தில் படம் ஏற்றலாம் என்றால் எஸ்விஜியை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். தளம் நடத்தப் பயன்படும் வேர்ட்பிரஸ் மென்பொருள் எஸ்விஜியை ஏற்ற மறுக்கிறது என்று ஒருவர் கோபமாக எழுதியிருந்தார், அது மறுப்பது இதனால்தான்.

கேள்வி: எஸ்விஜி எவ்வளவு சிறிதாக்கினாலும் தெளிவாகத்தானே இருக்க வேண்டும்? 24 புள்ளி அளவில் பளிச்சென்று இருக்கும் ஐகான் 16 புள்ளிக்குக் கொண்டுவந்தால் மங்குகிறது.

பதில்: நல்ல கேள்வி, இதை யாரும் கேட்பதே இல்லை. திரை என்பது புள்ளிகள்தான், அரைப் புள்ளி என்று ஒன்று கிடையாது. 24க்கு 24 கட்டத்தில் 2 புள்ளி தடிமனில் வரைந்த கோடு, 16க்கு வரும்போது 1.33 புள்ளி ஆகிறது. அந்த மிச்ச 0.33ஐ பிரவுசர் பக்கத்துப் புள்ளியில் சாம்பல் நிறமாகத் தடவுகிறது, உங்கள் கண்ணுக்கு அது மங்கல். 48இல் காட்டினால் கோடு 4 புள்ளி, கச்சிதம். எனவே ஐகானை வரைந்த அளவிலோ அதன் இரண்டு, மூன்று மடங்கிலோ காட்டுங்கள். 16இல் கட்டாயம் வேண்டும் என்றால் அந்த அளவுக்கே தனியாக, விவரங்களைக் குறைத்து வரைந்துகொள்ளுங்கள். புள்ளி நெருக்கமான புதிய திரைகளில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது, பழைய மானிட்டரில் பல்லை இளிக்கும்.

கேள்வி: படத்தைச் சேமிக்கும்போது மென்பொருள் பிஎன்ஜி-8ஆ, பிஎன்ஜி-24ஆ என்று கேட்கிறது. பிஎன்ஜி-8இல் பின்னணி நீக்கினால் ஓரம் ரம்பம் போல வரும் என்கிறார்களே?

பதில்: அது பழைய கதை. பிஎன்ஜி-8 என்றால் படம் முழுவதற்கும் சேர்த்து அதிகபட்சம் 256 நிறங்கள் கொண்ட ஒரு பட்டியல், ஒவ்வொரு புள்ளியும் அந்தப் பட்டியலில் ஓர் எண்ணைச் சுட்டும். பிஎன்ஜி-24இல் புள்ளிக்குப் புள்ளி முழு நிறமும் எழுதப்படும், பின்னணி நீக்க வேண்டும் என்றால் இன்னொரு 8 பிட் சேர்ந்து 32 ஆகும். ரம்ப ஓரம் வந்தது போட்டோஷாப்பின் பழைய 'சேவ் ஃபார் வெப்' வழியில். அதில் பிஎன்ஜி-8 எடுத்தால் ஒரு புள்ளி முழுக்கத் தெரியும் அல்லது முழுக்க மறையும், நடுவில் ஒன்றும் கிடையாது. பிஎன்ஜி-8இன் பட்டியலில் ஒவ்வொரு நிறத்துக்கும் எவ்வளவு ஊடுருவித் தெரிய வேண்டும் என்று எழுத ஃபார்மேட் என்றைக்கோ இடம் கொடுத்துவிட்டது, பாவம் அந்த மென்பொருள்தான் அதைப் பயன்படுத்தவில்லை. இப்போது பிஎன்ஜிகுவான்ட் என்ற கருவியில் போட்டு எடுங்கள், மென்மையான ஓரத்தோடு 256 நிற பிஎன்ஜி வரும், ஐகான், சின்ன விளக்கப்படம் போன்றவற்றில் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, ஃபைல் பெரும்பாலும் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மென்மையாக நிறம் மாறிக்கொண்டே போகும் பெரிய பரப்பு இருந்தால் மட்டும் பட்டை பட்டையாகத் தெரியும், அங்கே 24ஐயே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜிஃப் செத்துவிட்டதா?

பதில்: நகரும் படம் என்றால் இன்னும் எல்லோர் வாயிலும் அந்தப் பெயர்தான், அந்த அளவில் உயிரோடு இருக்கிறது. நகராத ஐகானுக்கு அதை இன்று எடுக்க ஒரு காரணமும் இல்லை. 1987இல் கம்ப்யூசர்வ் நிறுவனம் கொண்டுவந்தது, 256 நிறம்தான், பின்னணி நீக்குவதிலும் உண்டு அல்லது இல்லை என்ற இரண்டே நிலை. வெள்ளைப் பின்னணிக்காகச் செய்த ஜிஃப்பைக் கறுப்புப் பக்கத்தில் வைத்தால் ஓரத்தில் வெள்ளை வளையம் தெரியும், பழைய தளங்களில் பார்த்திருப்பீர்கள்.

பிஎன்ஜி பிறந்ததே ஜிஃப் மேல் வந்த கோபத்தில்தான். ஜிஃப் உள்ளே பயன்படுத்தும் எல்இசட்டபிள்யூ என்ற சுருக்கும் முறைக்கு யூனிசிஸ் நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது. உலகமெல்லாம் ஜிஃப்பில் மூழ்கிய பிறகு, 1994 கடைசியில், ஜிஃப் கையாளும் மென்பொருள் செய்பவர்கள் உரிமத் தொகை கட்ட வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. புரோகிராமர்கள் கொதித்துப்போய் இணையத்திலேயே கூடிப் பேசி, காப்புரிமைச் சிக்கல் இல்லாத புது ஃபார்மேட்டை 1995இல் வடிவமைத்தார்கள், 1996 அக்டோபரில் அது அதிகாரபூர்வமான பரிந்துரையானது. அந்தக் காப்புரிமை அமெரிக்காவில் 2003இல் காலாவதி ஆகிவிட்டது, அதற்குள் பிஎன்ஜி வேரூன்றிவிட்டது.

'லோடிங்' என்று சுற்றும் வட்டத்துக்கு ஜிஃப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதை எஸ்விஜியிலோ சிஎஸ்எஸ்ஸிலோ சில வரிகளில் செய்துவிடலாம், ஓரமும் சுத்தமாக இருக்கும். சில விநாடி ஓடும் திரைப்பதிவை ஜிஃப்பாக வைப்பது இன்னும் மோசம். அதை எம்பி4 வீடியோவாக, ஒலி இல்லாமல், தானே திரும்பத் திரும்ப ஓடும்படி போடுங்கள், ஃபைல் பல மடங்கு சிறிதாகும்.

கேள்வி: வெப்பி, ஏவிஃப் என்று புதிய ஃபைல் வகைகள் வந்துவிட்டனவே, எல்லாப் படங்களையும் ஒரே அடியாக மாற்றிவிடலாமா? ஏவிஃப் தான் புதியது, அதனால் அதையே எடுக்கலாமா?

பதில்: புதியது என்பதற்காக எதையும் எடுக்க வேண்டாம். போட்டோக்களுக்கு மாற்றுங்கள், பலன் நிச்சயம். வெப்பி 2010இல் கூகுள் கொண்டுவந்தது, ஆப்பிளின் சஃபாரி 2020இல்தான் அதை ஏற்றது. ஏவிஃப் 2019இல் வந்தது; குரோம் 2020இலும் ஃபயர்ஃபாக்ஸ் 2021இலும் சஃபாரி 2022இலும் எட்ஜ் 2024இலும் ஏற்றுக்கொண்டன. ஆக இன்றைக்கு ஓரளவு புதிய கருவியில் இரண்டுமே திறக்கும். பழைய கருவிகளையும் கைவிடக் கூடாது என்றால் எச்டிஎம்எல்லில் 'பிக்சர்' டேக் இருக்கிறது, அதில் ஏவிஃப், வெப்பி, கடைசியாக ஜேபெக் என்று வரிசையாகக் கொடுத்தால் பிரவுசர் தனக்குத் தெரிந்த முதலாவதை எடுத்துக்கொள்ளும். வரிசை முக்கியம். வெப்பியை மேலே வைத்தீர்கள் என்றால் ஏவிஃப் பக்கம் யாரும் வரவே மாட்டார்கள்.

ஐகான்களுக்கு வந்தால் என் பதில் வேறு. வெப்பியில் இரண்டு முறை உண்டு. தகவலைத் தூக்கிப் போடும் லாஸி, ஒன்றையும் இழக்காத லாஸ்லெஸ். லாஸி வெப்பியில் நிறத் தகவல் எப்போதுமே நீளத்திலும் அகலத்திலும் பாதியாகக் குறைக்கப்பட்டுத்தான் சேமிக்கப்படும், அதை அணைக்க வழியே இல்லை. போட்டோவில் கண் கண்டுபிடிக்காது. வெள்ளைப் பின்னணியில் சிவப்பு ஐகான் வைத்துப் பாருங்கள், சிவப்பு ஓரம் கசிந்தது போல இருக்கும். தரத்தை 100 என்று வைத்தாலும் அப்படித்தான். அதனால் ஐகான், லோகோ, எழுத்து உள்ள படம் என்றால் லாஸ்லெஸ் வெப்பி. அது பொதுவாக அதே பிஎன்ஜியைவிடச் சிறிதாக வரும், நம்பி எடுக்கலாம். ஏவிஃப்பில் நிறத்தை முழுதாகவும் வைக்கலாம், ஆனால் மிகச் சிறிய ஐகானில் அதன் உறையே சில நூறு பைட்டுகளைத் தின்றுவிடும், மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விடும்.

இன்னொன்று, சேமிக்கும்போது மென்பொருள் கேட்கும் தரம் 80 என்பது போன்ற எண்ணை சதவீதமாக நினைக்காதீர்கள். ஜேபெக்கின் 80ம் வெப்பியின் 80ம் ஏவிஃப்பின் 80ம் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை, ஒரே ஜேபெக்கின் 80 கூட மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். படத்தைக் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அப்படிப் பார்க்கும்போது மூலத்திலிருந்து மாற்றுங்கள், ஏற்கெனவே நசுங்கிய ஜேபெக்கை ஏவிஃப் ஆக்கினால் அது அந்த நசுங்கலையும் சேர்த்துப் பத்திரப்படுத்தும்.

கேள்வி: வெப்சைட் படத்துக்கு 72 டிபிஐ இருக்க வேண்டுமா, 300 வேண்டுமா?

பதில்: எதுவாக இருந்தாலும் ஒன்றுதான். டிபிஐ என்பது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு, அது அச்சுக்கு. பிரவுசர் பார்ப்பது எத்தனை புள்ளிக்கு எத்தனை புள்ளி என்பதை மட்டும். 300 புள்ளி அகலத்தில் காட்டப்போகும் போட்டோவுக்கு 600 புள்ளி அகலம் போதும், நெருக்கமான திரைகளிலும் தெளிவாக இருக்கும். கேமராவிலிருந்து வந்த 4000க்கு 3000 படத்தை அப்படியே ஏற்றினால், ஃபைலை எவ்வளவு சுருக்கியிருந்தாலும் திறந்து காட்டும்போது புள்ளிக்கு 4 பைட் வீதம் 48 மெகாபைட் நினைவகத்தைப் பிடித்துக்கொள்ளும். எந்த ஃபார்மேட்டும் இதிலிருந்து காப்பாற்றாது.

கேள்வி: ஸ்கிரீன்ஷாட்டுக்கு?

பதில்: பிஎன்ஜி அல்லது லாஸ்லெஸ் வெப்பி. திரையில் ஒரு போட்டோவோ வீடியோவோ பெரிய இடத்தைப் பிடித்திருந்தால் மட்டும் ஜேபெக்கை முயன்று பாருங்கள்.

கேள்வி: பிரவுசர் டேபில் தெரியும் ஃபேவிகானுக்காக ஒரு தளத்தில் படம் கொடுத்தேன், முப்பதுக்கு மேல் ஃபைல்களைத் தந்துவிட்டது. அத்தனையும் வேண்டுமா?

பதில்: வேண்டாம். அவற்றில் பாதி, இன்று யாரும் கையில் வைத்திருக்காத கருவிகளுக்காக. நான்கைந்து ஃபைல் போதும். தளத்தின் வேர் ஃபோல்டரில் ஃபேவிகான் ஐசிஓ ஒன்று, அதற்குள் 16, 32 இரண்டு அளவும் இருக்கட்டும். ஐசிஓ என்பது விண்டோஸின் பழைய ஐகான் வடிவம், ஒரே ஃபைலில் பல அளவுகளை வைத்துக்கொள்ளும். 1999இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 தொடங்கிவைத்த வழக்கம் இது, நீங்கள் எச்டிஎம்எல்லில் ஒரு வரியும் எழுதாவிட்டால்கூட பிரவுசர்கள் இன்றும் அந்தப் பெயரில் ஃபைல் இருக்கிறதா என்று தாமாகவே போய்த் தட்டிப் பார்க்கும். கூடவே ஒரு எஸ்விஜி ஐகான், அதற்குள்ளேயே டார்க் மோடுக்கு வேறு நிறம் எழுதிவைக்கலாம். ஐபோனின் முகப்புத் திரைக்கு 180க்கு 180 பிஎன்ஜி ஒன்று, இதற்கு மட்டும் பின்னணியை நீக்காதீர்கள், நீக்கினால் காலி இடத்தில் கறுப்பு வந்துவிடும். தளத்தை ஆப் போல நிறுவ விடுகிறீர்கள் என்றால் 192, 512 அளவில் பிஎன்ஜி. ஆண்ட்ராய்டு ஐகானை வட்டமாகவோ வேறு வடிவமாகவோ வெட்டும், அதற்காக 'மாஸ்கபிள்' என்று ஒன்று தருவதானால் முக்கியமான பகுதி முழுவதும் நடுவில் 80 சதவீத விட்டமுள்ள வட்டத்துக்குள் அடங்க வேண்டும்.

கேள்வி: ஐகான் ஃபான்ட் பயன்படுத்துகிறோம். மாற்ற வேண்டும் என்கிறார் புதிதாகச் சேர்ந்தவர். ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்த வேண்டும்?

பதில்: புதியவர் சொல்வதைக் கேளுங்கள். ஐகானை எழுத்தாக நடிக்கவைப்பதுதான் ஐகான் ஃபான்ட். ஃபான்ட் வந்து சேராத நேரத்தில் ஐகான் இருக்கும் இடத்தில் காலிக் கட்டம் தெரியும், ஸ்கிரீன் ரீடர் வைத்துப் படிக்கும் பார்வையற்றவர்களுக்கு அது அர்த்தமில்லாத எழுத்தாகப் போய்ச் சேரலாம், பத்து ஐகானுக்காக நூற்றுக்கணக்கானவற்றை இறக்க வேண்டியும் வரும். இதையெல்லாம் ஒரே நாளில் பிய்த்து எறியச் சொல்லவில்லை. புதிதாகச் சேர்க்கும் ஐகான்களை எஸ்விஜியாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள், பழையது கையில் படும்போது மாற்றுங்கள்.

கேள்வி: மின்னஞ்சல் கையெழுத்தில் எங்கள் எஸ்விஜி லோகோ தெரியவே இல்லை. வாட்ஸ்அப்பில் எங்கள் இணைப்பைப் பகிர்ந்தாலும் படம் வருவதில்லை.

பதில்: இரண்டுக்கும் ஒரே காரணம், உங்கள் படம் போய்ச் சேரும் இடம் பிரவுசர் இல்லை. ஜிமெயில் எஸ்விஜியைக் காட்டாது. விண்டோஸில் நெடுநாளாகப் புழங்கும் பழைய அவுட்லுக் மின்னஞ்சலை வேர்ட் மென்பொருளின் கண்ணால்தான் பார்க்கும், அதற்குப் புது ஃபார்மேட் எதுவும் சரிப்படாது. மின்னஞ்சலுக்கு லோகோவை பிஎன்ஜியாக, காட்டும் அளவைப்போல் இரண்டு மடங்கில் எடுத்து, அகலத்தை எச்டிஎம்எல்லில் எண்ணாகவே எழுதிவிடுங்கள். பகிரும்போது வரும் முன்னோட்டப் படத்துக்கு 1200க்கு 630 அளவில் ஜேபெக்கோ பிஎன்ஜியோ கொடுங்கள், முகவரி முழுமையாக, எச்டிடிபிஎஸ் முதல் எழுதியிருக்க வேண்டும். மாற்றிய பிறகும் சில நாள் பழையபடியே வந்தால் பதறாதீர்கள், முன்பு எடுத்துச் சேமித்துவைத்ததை வாட்ஸ்அப் போன்றவை உடனே தூக்கிப் போடுவதில்லை.